ஆள் வராமல் ஆலோசனை கிடையாது

பிரியா என்னிடம் சில வருடம் வேலை பழகியவள். நல்ல பெண்தான். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்து, வாழ்க்கைப் பயிற்சியாளர்களை உருவாக்கும் வகுப்பு ஒன்று நடத்துகிறோம், கடைசி நாளில் நீங்கள் வந்துதான் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அப்படியே சான்றிதழின் மதிப்பு பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றாள். எத்தனை நாள் வகுப்பு என்று கேட்டேன். சனி, ஞாயிறு என்றாள்.

"திங்கட்கிழமை?"

"திங்கட்கிழமையிலிருந்து அவங்க கிளையன்ட் பாக்க ஆரம்பிச்சிரலாம் டீச்சர்."

எனக்கு வந்த எரிச்சலில் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, வரவில்லை என்று மட்டும் சொன்னேன். வயதாகிவிட்டதால் எனக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது என்று என் மகன் சொல்கிறான். வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. முப்பது வயதிலும் எனக்கு இதே விஷயத்தில் இதே கோபம் வந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் பேச முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். பிரியா படித்தால் படிக்கட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். வகுப்பில் பாடம் நடத்திய நேரத்தைவிட, பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளின் அம்மாக்கள் சொன்னதைக் கேட்ட நேரம் அதிகம். தலைமையாசிரியர் ஒருநாள், உங்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்றால் இதையே முறையாகப் படித்துவிட்டுச் செய்யுங்களேன் என்று சலித்துக்கொண்டார். மதுரைக்குப் போய் ஒரு டிப்ளமோ படித்தேன். அதில் படித்தது என்ன என்று இப்போது கேட்டால் பாதி மறந்துபோய்விட்டது. வேலையைக் கற்றுக்கொண்டது காரைக்குடியில், காதர் சாரிடம்.

ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன வழிகாட்டு மையம் அது. ஒரு பழைய வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். மனநோய்க்கு நாங்கள் பார்க்க மாட்டோம், அப்படிப்பட்டவர்களை மதுரையில் டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். உடம்பும் புத்தியும் நன்றாக இருந்து, ஒரு முடிவு எடுக்க முடியாமல் திணறுகிறவர்கள்தான் எங்களிடம் வர வேண்டியவர்கள். வேலையை விடுவதா, வெளிநாடு போவதா, பிரிந்து போவதா, ரிட்டையர் ஆன பிறகு என்ன செய்வது, இப்படி. இன்றைக்கு லைஃப் கோச் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். அன்றைக்கு அதற்கு எங்கள் ஊரில் பெயரே இல்லை. 'மனசு ஆபீஸ்' என்று ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள்.

காதர் சார் ஒரு மில்லில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசராக இருந்தவர். யூனியன்காரர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து மனிதர்களைப் பற்றிய ஆச்சரியமே இல்லாமல் போனவர். அதன் பிறகுதான் சென்னைக்குப் போய் இந்தப் படிப்பைப் படித்தார். அதிகம் பேச மாட்டார். அவரிடம் வேலை பழகுவது எப்படி என்றால், ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதத்தோடு பேச்சை டேப்பில் பதிவு செய்ய வேண்டும். வாரக் கடைசியில் அவர் அதைப் போட்டுக் கேட்பார். கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். அவர் கேட்கும்போது எதிரே நான் உட்கார வேண்டும். கையில் ஓட்டோடு வறுத்த கடலைப் பொட்டலம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கடலையாக உடைத்துத் தின்பார். டேப்பில் நான் யாருக்காவது அறிவுரை சொல்லிவிட்டால், அந்தக் கடலையின் ஓட்டை என் முன்னால் வைப்பார். கண்ணைத் திறக்க மாட்டார். டேப் முடியும்போது என் முன்னால் எவ்வளவு குவிந்திருக்கிறதோ, அதுதான் என் மார்க். அள்ளிக் குப்பையில் போடுவதும் நான்தான்.

முதல் மாதங்களில் எனக்கு அழுகை வரும். "நீங்க ஒண்ணு செய்யுங்க" என்று என் குரல் சொல்லும். ஒரு ஓடு. "என் தம்பிக்கும் இதே மாதிரிதான் ஆச்சு" என்று சொல்லும். இன்னொரு ஓடு. நான் புத்திசாலித்தனமாக, "ஏன் உங்க வீட்டுக்காரர்கிட்ட வெளிப்படையாப் பேசக் கூடாது?" என்று கேள்வியாக மாற்றிப் பார்த்தேன். அதற்கு ஓட்டை வைத்துவிட்டு, "இது கேள்வி மாதிரி வேசம் போட்டு வந்துருக்கு டீச்சரம்மா" என்றார்.

டிப்ளமோ கையில் இருக்கும்போதே இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடு பொறுக்கிய பிறகுதான், தனியாக இருந்து ஆட்களைப் பார்க்கலாம் என்ற சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் வந்த பிறகாவது டேப்பை நிறுத்துவார் என்று பார்த்தால், நிறுத்தவில்லை. அவருடைய டேப்பைக் கேட்க மதுரையில் ஒருவர் இருந்தார், மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்விட்டு வருவார். அங்கே அவர் முன்னால் யார் எதை வைத்தார்களோ, எனக்குத் தெரியாது.

இன்னொரு விதி என் மானத்தை வாங்கியது. ஆலோசனைக்கு வந்தவர்களை வெளியில் பார்த்தால் நாமாக வணக்கம் சொல்லக் கூடாது, அவர்கள் சொன்னால் சொல்லலாம். அவர்கள் நம்மிடம் வந்தது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாதல்லவா? விதி சரிதான். ஆனால் காரைக்குடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு வணக்கம் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஜவுளிக் கடையில் ஒரு அம்மாவைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது என் அம்மாவிடம் யாரோ, "ஒங்க மகளுக்கு ரொம்பத் தலைக்கனமாமே" என்று கேட்டுவிட்டார்கள். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. காரணத்தை அவளிடமும் சொல்ல முடியாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை நிஜமாகவே பொறுமை இழக்க வைத்தது வேறொன்று. எங்களிடம் வர வேண்டியவர்கள் வரவே மாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் வருவார். மருமகனுக்காக மாமியார், தம்பிக்காக அண்ணன், மகளுக்காக அப்பா, அப்பாவுக்காகப் பெரியப்பா. "அவன் எதுக்கு டீச்சர், நான் சொல்றேன் எழுதிக்கங்க" என்பார்கள். ஒருமுறை ஒரு முஸ்லிம் பெண் கைப்பையிலிருந்து கேசட் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் கணவர் சவூதியில் இருந்தார். அங்கேயே தங்கிவிடுவதா, திரும்பி வந்து கடை வைப்பதா என்று குழப்பமாம். தன் மனக்குறையையெல்லாம் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். மறுபக்கம் காலியாக இருக்கிறது, அதில் நாங்கள் பதில் சொல்லி அனுப்ப வேண்டுமாம்.

காதர் சார் அந்தக் கேசட்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அவுக லீவுல வரும்போது வரட்டும்மா. ஒங்களுக்கு எதுவும் பேசணும்னா இப்ப உள்ள வாங்க, பேசலாம்."

"எனக்கா?" என்று அவள் சுற்றிப் பார்த்தாள். "எனக்கென்ன பேச இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அவர் அட்டையில் எழுதி வாசல் அறையில் மாட்டினார். ஆள் வராமல் ஆலோசனை கிடையாது. ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறதே சார் என்று சொன்னேன். அப்போதாவது புரியட்டும் என்றார். யாருக்கும் புரியவில்லை. அட்டைக்குக் கீழேயே உட்கார்ந்து, அடுத்தவர் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அப்படி வந்தவர்தான் லெட்சுமணன் செட்டியார். அவர் வந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நகரத்தார் குடும்பங்களில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனை மகனாக எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை கூட்டுவது என்று பெயர். கைக்குழந்தையாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்குப் போகிற, மீசை வைத்த ஆளையும் கூட்டுவார்கள். சடங்கு முடிந்தால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. கோயில் வரி முதல் கொள்ளி வரை எல்லாம் அந்த வீட்டுக்கு. அப்பச்சி, ஆத்தா என்று கூப்பிட்ட பெற்றவர்களை அதன் பிறகு என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதும் அந்தந்த வீட்டு உறவைப் பொறுத்து மாறிவிடும்.

செட்டியாரின் ஒன்றுவிட்ட அண்ணன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அண்ணன் மனைவி உமையாள் ஆச்சிக்கு ஒரே மகன், அவனும் காய்ச்சலில் போய்விட்டான். செட்டியாருக்கு நான்கு பையன்கள். மூன்றாவது பையன் சாத்தப்பனை ஆச்சி வீட்டுக்குக் கூட்டுவதாகப் பேசியிருந்தார்கள். சாத்தப்பனுக்கு இருபத்தாறு வயது, பக்கத்துத் திருப்பத்தூரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன்.

"பய வாயத் தொறக்க மாட்டேங்குறான்" என்றார் செட்டியார். "சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நீங்கதான் நாலு நல்ல வார்த்தை சொல்லி ஒரு வழி பண்ணணும்."

"அவர் வந்திருக்காரா?" என்று கேட்டேன்.

"அவன் எதுக்கு? அதான் நான் வந்துருக்கேன்ல."

காதர் சார் உள்ளேயிருந்து வந்தார். "பல்லு வலின்னா அவரு வாயத்தான செட்டியாரே தொறந்து பாக்கணும். நீங்க ஒங்க பல்லக் காட்டுனா நாங்க என்ன செய்ய?"

"இது பல்லா? மனசு. ஜாதகம் பாக்க ஆளையா கூட்டிக்கிட்டுப் போறோம்? கட்டத்தத்தான கொண்டு போறோம். எம் மகன் மனசு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா நீங்க இங்க வந்துருக்க மாட்டீகளே."

செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நேராக எங்கே போனார் என்பது இரண்டு நாளில் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் குணசேகர் என்பவர் புதிதாக ஆபீஸ் போட்டிருந்தார். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஓட்டலில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர். சான்றிதழைத் தங்க நிறச் சட்டம் போட்டு, வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி மாட்டியிருந்தார். என்னுடைய சான்றிதழ் பீரோவில் கிடந்தது. அதை மாட்டக் கூடாது என்பது காதர் சாரின் கட்டளை. சட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்தால் எங்கள் ஊர் ஆட்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள், அதற்குப் பிறகு தன் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள் என்பார்கள் என்று அவர் சொல்வார்.

குணசேகர் ஆளைப் பார்க்கவில்லை. அப்பாவை வைத்தே மகனுக்கு ஆலோசனை சொல்லிவிட்டார். பையன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், என்ன நிறச் சட்டை போடுவான், கோபம் வந்தால் என்ன செய்வான் என்றெல்லாம் செட்டியாரிடம் கேட்டு, ஒரு தாளில் ஏதோ வட்டம் போட்டு, "ஒங்க மகனுக்கு உள்ளுக்குள்ள முழுச் சம்மதம், வெளிய சொல்லக் கூச்சப்படுறாரு, நீங்க தேதி வைங்க" என்று அனுப்பிவிட்டார். செட்டியார் வீட்டுக்குப் போய், சர்டிபிகேட் வைத்திருக்கிறவரே சொல்லிவிட்டார் என்று அறிவித்தார். படித்தவர் சொன்ன பிறகு பேச்சேது? நாள் பார்த்தாயிற்று.

இந்த இடத்தில் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்காமல் அவருடைய மாமனாருக்கு ஊசி போட்டால் ஊர் சும்மா இருக்குமா? இதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமே, பழைய பள்ளியில் என்னோடு இருந்த ஒரு ஆசிரியை, "அவரு டக்குன்னு சொல்லிர்றாராம், ஒங்க ஆபீஸ்ல இழுக்குறீகளாமே" என்றாள்.

அந்த வாரமே சாத்தப்பன் வந்தான். ஆபீஸ் விட்டு நேராக வந்திருந்தான், கையில் சாப்பாட்டுத் தூக்கு. உட்காரவில்லை.

"டீச்சர், எம் மனசுல என்ன இருக்குன்னு அப்பச்சிக்குத் தெரிஞ்சுருக்கு. மாடி ஆபீஸ்காரருக்குத் தெரிஞ்சுருக்கு. ஊருக்கே தெரிஞ்சுருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல. அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கும் தெரியாது. உக்காருங்க" என்றேன்.

அடுத்தடுத்து மூன்று முறை வந்தான். முதல் முறை முழுக்கக் கோபம். இரண்டாவது முறை பெரும்பாலும் மௌனம். மௌனத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் இந்த வேலையில் மிகக் கஷ்டமானது, இரண்டு நாள் வகுப்பில் அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. மூன்றாவது முறை, யாரோ கேட்டதுபோல அவனாகவே சொன்னான்.

"எனக்கு அந்த வீடு பிடிக்கும் டீச்சர். செத்துப்போன அண்ணனும் நானும் ஒண்ணாத் திரிஞ்சோம். பெரியாத்தா என்னைய என்ன படிச்ச, என்ன தின்னன்னு கேப்பாக. எங்க வீட்டுல நான் மூணாவது. மூத்தவனுக்கு மரியாதை, கடைசிப் பயலுக்குச் செல்லம். எனக்கு என்ன பிடிக்கும்னு அங்க யாருக்கும் தெரியாது. போகச் சொன்னா போவேன். சந்தோசமாத்தான் போவேன்."

"ம்."

"ஆனா மாட்டேன்னுதான் சொல்லப் போறேன்."

நான் காத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை கேக்கலயே. தேதி வச்சாச்சு, சட்டைத் துணி எடுத்தாச்சு. வர்றியாடான்னு ஒருத்தரு கேட்டாகளா? என்னையக் கேக்காமத் தூக்கிக் குடுக்க நான் என்ன பித்தளை அண்டாவா? ஆத்தா காப்பியக் குடுத்துட்டு உள்ள போயிட்டாக. அப்பச்சி பேசி முடிச்சிட்டாக. இத நீங்க யாருட்டயும் சொல்லக் கூடாது. அவுகளாக் கேக்கணும். சொல்லி வந்து கேட்டா அது கேட்டதா ஆகாது."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் கூடாது.

ஆக, குணசேகர் சொன்னதுதான் சரி. உள்ளுக்குள் முழுச் சம்மதம். பார்க்காத ஆளைப் பற்றி, வட்டம் போட்டு, சரியாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் எரிச்சலுக்கு அளவே இல்லை. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சம்மதமாக இருந்தவனை மறுக்க வைத்ததே அந்தச் சரியான பதில்தான். அது அவனிடமிருந்து வரவில்லை.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் உமையாள் ஆச்சி என் வீட்டுக்கே வந்துவிட்டார். முழங்கால் வலியோடு படியேறி வந்து, உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், அவன் ஒங்ககிட்ட வாரான்னு கேள்விப்பட்டேன். என்ன பேசுனான்னு நான் கேக்கல. வருவானா மாட்டானா, அத மட்டுஞ் சொல்லுங்க. மாட்டான்னா நான் மனசத் தேத்திக்கிருவேன். பெத்த பிள்ள போனதுக்கே தேத்திக்கிட்டவ. எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி, சனம் கூடி நிக்கும்போது அவன் வேணாம்னுட்டா, அதத் தாங்க எனக்குத் தெம்பில்ல."

அவனைப் போய்க் கேளுங்கள் ஆச்சி. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. இந்த ஒரு வரி போதும், அவர் கேட்பார், அவன் சரி என்பான், அந்த வீட்டில் விளக்கு எரியும். நாக்கு நுனி வரை வந்தது. "எங்கிட்ட வந்தவங்க பேசுனத நான் வெளிய சொல்ல முடியாது ஆச்சி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காதர் சாரிடம் வெடித்தேன். "ஒரு வரி சார். ஒரு வரிக்காக ரெண்டு பேரு தவிக்கிறாங்க. இது என்ன விதி?"

"சொல்லியிருந்தா?"

"ஆச்சி போய்க் கேட்டிருப்பாங்க."

"ஆச்சி எங்க கேட்டுருப்பாக? நீங்க கேட்டுருப்பீக, ஆச்சி வாயால." கடலையை உடைத்தார். "நாளைக்கு அந்தப் பையனுக்கு அது தெரிஞ்சா? அவனுக்கு இந்த ஊருல ரகசியம் சொல்ல இருந்த ஒரு எடமும் போச்சு. குணசேகருக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம் டீச்சரம்மா? அவரு ஆளப் பாக்காமச் சொன்னாரு, நீங்க பாத்துட்டுச் சொல்றீக. அம்புட்டுத்தான்."

கோபமாக இருந்தாலும், சான்றிதழ் எதற்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் சொல்வது சரியாக இருக்கும் என்று அந்தக் காகிதம் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. உனக்கு எப்படித் தெரியும், நீ ஏன் சொன்னாய் என்று என்னை உட்கார வைத்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். குணசேகரைக் கேட்க யார் இருந்தார்கள்? சனி, ஞாயிறில் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளைக் கேட்க யார் இருக்கிறார்கள்? பிரியா இதற்கு எனக்குப் பதில் சொல்லட்டும்.

சாத்தப்பன் அடுத்த முறை வந்தபோது, இதை யாரிடமாவது சொல்ல நினைக்கிறீர்களா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு ஓடு விழாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் நெடுநேரம் தூக்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு, "அவுகளாக் கேக்கப் போறதில்ல, நானே சொல்லிர்றேன். எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாரேன். வீட்டுல வச்சுப் பேசுனா அப்பச்சி மட்டுந்தான் பேசுவாக" என்றான்.

வந்தார்கள். செட்டியார், அவர் மனைவி சிகப்பி ஆச்சி, உமையாள் ஆச்சி, சாத்தப்பன். எங்களோடு ஆறு நாற்காலி. சிகப்பி ஆச்சியை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

குடும்பத்தோடு உட்காரும் கூட்டத்துக்கு எங்களிடம் ஒரே விதி. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். அடுத்தவர் மனதை யாரும் சொல்லக் கூடாது. காதர் சார் அதைச் சொன்னதும் செட்டியார் தலையாட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க குடும்பத்துல எல்லாருக்குமே..."

"நீங்க, செட்டியாரே."

"அதான், நாங்க எல்லாரும்..."

"நீங்க மட்டும்."

செட்டியாருக்கு 'நான்' என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கவே வரவில்லை. மூன்று நான்கு முறை முயன்றுவிட்டு, "இதென்ன வெளையாட்டு, பள்ளிக்கூடமா?" என்று கோபித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

பிறகு சாத்தப்பன் பேசினான். என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னான். யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. செட்டியார் எழுந்திருக்கப் பார்த்தார். உமையாள் ஆச்சி அவரை லேசாகக் கையமர்த்திவிட்டு, நாற்காலியைச் சாத்தப்பன் பக்கம் திருப்பினார்.

"தப்புத்தான் அப்பு. நான் ஒங்கிட்டக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. இப்பக் கேக்குறேன். எங்கூட வர்றியா?"

"வாரேன் பெரியாத்தா" என்றான். அவன் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். செட்டியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அதான் நான் அன்னைக்கே சொன்னேன். இவளுக்கும் சம்மதந்தான். எல்லாருக்கும் திருப்தி" என்று துண்டை எடுத்தார்.

"அவுகளே சொல்லட்டும்" என்றார் காதர் சார்.

எல்லோரும் சிகப்பி ஆச்சியைப் பார்த்தோம். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார்.

செட்டியார், "என்னடி பேசுற?" என்றார். காதர் சார் கையை உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டார்.

"நாலு புள்ள இருக்கு, ஒண்ணு போனா என்னன்னு எல்லாரும் நெனச்சீக. எனக்கு இவன் ஒருத்தந்தான் இவன். நாளைக்கு எதுக்க வந்து என்னையச் சின்னாத்தான்னு கூப்புடுவான். அதக் கேட்டுக்கிட்டு நான் என்னப்பான்னு திரும்பணும். என்னால ஏலாது."

உமையாள் ஆச்சி அவர் பக்கம் திரும்பினார். "நான் எத்தன தரம் ஒன் வீட்டுக்கு வந்தேன் சிகப்பி. ஒங்கையால காப்பி வாங்கிக் குடிச்சேன். ஒரு நா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலயே ஆச்சி."

சாத்தப்பன் தாங்க முடியாமல் திரும்பினான். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல ஆத்தா?"

"நீயுந்தான் கேக்கலயேப்பா" என்றார் அவர். அதில் கோபமே இல்லை.

செட்டியார் காதர் சாரிடம், "இப்ப என்னதாங்க செய்யச் சொல்றீக?" என்றார். நாங்கள் செய்யச் சொல்வதில்லை என்றார் காதர் சார். "இதுக்கா இம்புட்டுப் படிச்சீக?" என்று கேட்டுவிட்டுச் செட்டியார் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அந்தக் கேள்வியை அன்றைக்கு நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்.

முதலில் எழுந்தது உமையாள் ஆச்சிதான். சிகப்பி ஆச்சியின் தோளில் ஒரு கணம் கையை வைத்தார். "ஒம் புள்ளய நீயே வச்சுக்க தாயி" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். சாத்தப்பன் எழுந்துவிட்டான், ஆனால் நகரவில்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அம்மா.

"போப்பா" என்றார் சிகப்பி ஆச்சி. "பெரியாத்தாளக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி வீட்டுல விட்டுட்டு வா."

அவன் போனான். இரண்டு பேரும் தெருவில் மெதுவாக நடந்து திரும்புவது சன்னலில் தெரிந்தது. மையம் மூடும் நேரம் ஆகிவிட்டது. சிகப்பி ஆச்சி அந்த நாற்காலியிலேயே, அதே நுனியில், வாசலைப் பார்த்தபடி இருந்தார். சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை அசைத்தார். காதர் சார் சாவியைக் கையில் எடுத்தவர், திரும்ப மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் அந்த அம்மா என்னைப் பார்த்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.